வெங்காயச் சருகு

மூன்று ராத்திரி யூடியூப்பில் பார்த்தேன்.
ஒருவன் இரண்டு போனையும் கத்தியால் கீறினான்,
ஒருவன் மொட்டைமாடியிலிருந்து போட்டான்,
ஒருவன் ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்தான்.
எவனும் ஒரு சேலையைப் படமெடுக்கவில்லை.

அதனால் கைப்பையில் ஒரு முழத் துணி எடுத்துக்கொண்டு போனேன்.
வெங்காயச் சருகு நிறம், அரக்குக் கரை,
உள்ளே சுங்குடிப் புள்ளி, எண்ணினால் நூற்றுப் பன்னிரண்டு.

காளவாசல் சிக்னல் தாண்டி
பைபாஸ் ரோட்டில் கடை.
சட்டையில் அபுதாஹிர் என்று பெயர் குத்தியிருந்த பையன்
இரண்டையும் கறுப்பு மெத்தையில் வைத்தான்,
மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தட்டு வைப்பதுபோல.

ஒன்று ஒண்ணேகால் லட்சம்.
மற்றது அதில் ஆறாயிரம் குறைவு.
சிப்பு என்றான், டைட்டானியம் என்றான்,
தண்ணீருக்குள் அரைமணி நேரம் கிடந்தாலும் சாகாதாம்.
வைகையில் விழுந்தால்? என்றேன்.
"மொதல்ல வைகைல தண்ணி வரட்டும்க்கா."
பையனைப் பிடித்துப்போயிற்று.

துணியை விரித்தேன்.
எனக்கு ஒரே கேள்விதான் தம்பி,
சருகைச் சருகாகக் காட்டுமா?
போன தீபாவளிக்கு மட்டும் முப்பத்தொரு சேலை திரும்பி வந்தது,
போட்டோவில் ரோஸ், கையில் பழுப்பு என்று.
போகவர கொரியர் காசு என் தலையில்.
ஒன்றில் மஞ்சள் கறை.
கட்டிக்கொண்டு விசேஷத்துக்குப் போய்வந்துதான்
நிறம் சரியில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள்.

முதல் போன் எடுத்த படத்தில்
துணிக்குக் கல்யாணக்களை.
புள்ளி ஒவ்வொன்றும் பல் விளக்கிக்கொண்டு வந்து நின்றது.
இரண்டாவதில் சருகு சருகாகவே இருந்தது.
முடிச்சு அவிழ்த்த இடத்தில் சுருக்கம்,
சாயம் ஒழுகிய ஒரு புள்ளி,
இத்தனை நாள் என் கண்ணில் படாத புள்ளி.

விற்பதற்கு அது.
விற்றது திரும்பாமலிருக்க இது.

"ஜூம் பாருங்கக்கா" என்று வாசலுக்குக் கூட்டிப்போனான்,
போனைக் கட்டிப்போட்ட சுருள் வயர் எட்டுகிற மட்டும்.
எதிர்ப்பக்க டீக்கடையைப் பிடித்தேன்.
பாய்லர். வடைத் தட்டு.
வடைத் தட்டுக்குப் பக்கத்தில் பாண்டுரங்கன்.

சூரத்தில் இருப்பதாகச் சொன்ன பாண்டுரங்கன்.
நாற்பத்து மூன்று சேலைக்குக் காசு தராமல்
வைகாசியிலிருந்து சூரத்திலேயே இருக்கிற பாண்டுரங்கன்.

முதல் போனில் ஆள் நன்றாக இருந்தார்.
கன்னம் வழவழவென்று, பத்து வயது குறைந்து,
என் பணத்தில் செழித்தவர் மாதிரி.
பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதைத் தூக்கினேன்.
காலர் நைந்திருந்தது.
இடது செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

கீறல் விழுந்த என் பழைய போனில்
அவர் நம்பரை அழுத்தினேன்.
ஒரு கையில் மணி, ஒரு கையில் அவர்.
சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பார்த்தார்.
எடுக்கவில்லை, வெட்டவும் இல்லை,
அடித்து ஓயும்வரை
என் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.
பிறகு கையிலிருந்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு
டீக்கு மட்டும் சில்லறை எண்ணினார்.

"எதுக்கா எடுக்குறீங்க?"
செருப்பு தெரிந்ததைக் காட்டினேன்.

பன்னிரண்டு மாதத் தவணை.
ஆதார் நகல், இரண்டு கையெழுத்து,
ஒரு பிளாஸ்டிக் உறை இனாம்.
துணியை மெத்தை மேலேயே விட்டுவிட்டேன் என்பது
தெற்குவாசல் வந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது படம் போட்டால் ஆர்டர் குறைவு.
திரும்பி வருவதும் இல்லை.

நேற்று ஐந்தாம் தேதி.
காலை பத்தேகாலுக்குப் போன் அடித்தது.
பைனான்ஸ் கம்பெனியின் பெயர்
எழுத்து எழுத்தாக, அவ்வளவு துல்லியமாக,
திரை நிறைய.
ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.